ராஜா ஜோடியை மடித்தது சரியா?

போக்கர் ஆடுபவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். டெக்சாஸ் ஹோல்டெம், வீட்டு ஆட்டம். காசு கிடையாது, வில்லைகள் மட்டும். ஆனாலும் மூன்று நாட்களாக மனத்தில் உறுத்துகிறது.

பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைப்பது) 10, 20. பட்டன் இடத்திலிருந்து, அதாவது மூன்று சீட்டு விரித்தபின் கடைசியாக ஆடும் இடத்திலிருந்து, அக்காவின் கணவர் 60 வைத்தார். பெரிய பிளைண்டில், அதாவது 20 வைத்த இடத்தில், நான். கையில் டைமன் ராஜா, ஆட்டின் ஜாக்கி. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த முதல் மூன்று சீட்டு: கிளாவர் ராஜா, ஆட்டின் 9, ஆட்டின் 6. அவர் 60 வைத்தார், நானும் ஈடுகட்டினேன். நான்காவது இஸ்பேட் 4, இருவரும் செக் (எதுவும் வைக்காமல் விட்டோம்). ஐந்தாவது கிளாவர் 2. நடுவில் 250 சேர்ந்திருந்தது. நான் செக் சொன்னதுமே அவர் 200 தள்ளினார்.

200 போட்டு ஜெயித்தால் அங்கே கிடக்கும் 450-உம் எனக்கு. 650-இல் 200, அதாவது நூற்றுக்கு 31 தடவை ஜெயித்தாலே நட்டமில்லை. ஆட்டின் ஃபிளஷ் (ஐந்து சீட்டும் ஆட்டின்) கூடவில்லை, வெறும் மிரட்டலாக இருக்கலாம். ஆனால் ஆட்டின் ஜாக்கி என்னிடம் இருக்கிறதே! அவர் ஃபிளஷுக்குக் காத்திருந்து ஏமாந்திருக்கும் வாய்ப்பு அதனால் குறைகிறது அல்லவா? மறுபக்கம், ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவர் நான்காவது சீட்டில் ஏன் சும்மா இருந்தார்?

மடித்துவிட்டேன், அதாவது 200 போடாமல் விலகிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தன் சீட்டுகளைக் கட்டுக்குள் செருகிவிட்டார். அக்கா வழியாக விசாரித்தும் பயனில்லை.

அந்த ஒற்றை ஜாக்கிக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்க வேண்டுமா? நீங்களாக இருந்தால் 200 போட்டிருப்பீர்களா?