வீட்டில் டயாலிசிஸ் செய்பவர்கள் கைக்கு எந்த சானிடைசர் வாங்குகிறீர்கள்?

வணக்கம். அப்பாவுக்கு வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் (சிஏபிடி) நடக்கிறது. டயாலிசிஸ் திரவப் பை மாற்றும்போது கை சுத்தமில்லை என்றால் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். அதனால் அம்மாவும் நானும் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சானிடைசரும் தடவுகிறோம்.

குழப்பம் கடையில்தான். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் எத்தனால் வகை ஆல்கஹால் என்றால் 80 சதவீதம், ஐசோபுரொப்பைல் வகை என்றால் 75. ஆனால் எங்கள் ஊர் மெடிக்கலில் எடுத்த பாட்டிலில் '99.9% கிருமிகளைக் கொல்லும்' என்று முன்னால் கொட்டை எழுத்து. பின்னால் சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் விலை ஸ்டிக்கர். வேப்பிலை, கற்றாழை வாசனைக்கு மட்டும் குறைவில்லை!

ஜெல் வாங்குவதா, தண்ணியாக இருக்கும் ஹேண்ட் ரப்பா? குளோர்ஹெக்சிடின் (இன்னொரு கிருமிநாசினி) கலந்ததற்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? அம்மாவுக்கு விரலிடுக்கில் தோல் வெடித்து எரிகிறது. கிளிசரின் சேர்ந்தது எதுவும் யாருக்காவது ஒத்துக்கொண்டதா?

சிஏபிடி செய்பவர்கள், நர்ஸாக இருப்பவர்கள் பிராண்ட் பெயரோடு சொல்லுங்கள். அரை லிட்டர் பம்ப் பாட்டில் என்ன விலை என்றும் போடுங்கள். ஃபார்வர்டு மெசேஜ் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.