குளத்து பாஸ் மீன் எல்லாம் எலும்பும் தோலுமாக இருக்கின்றன, என்ன செய்யலாம்?

கேட்டவர்:
அட்லாண்டாவுக்குத் தெற்கே வீடு, பின்னால் ஒரு ஏக்கர் குளம், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. தூண்டில் போட்டால் அரை மணி நேரத்தில் நாலைந்து பாஸ் (சின்ன மீனைத் தின்னும் வேட்டை மீன்) மாட்டும், ஆனால் எல்லாமே 11, 12 அங்குலம்தான். தலை மட்டும் பெரிசு, வயிறு ஒட்டிக் கிடக்கிறது. நேற்று ஒன்றை நிறுத்துப் பார்த்தேன்: 12 அங்குலம், 300 கிராம். பிடித்ததை எல்லாம் திரும்ப விட்டுவிடுவேன், ஒன்றைக்கூடக் கொன்றதில்லை. பாஸுக்கு இரையாகும் ப்ளூகில் மீன் எப்போதாவதுதான் மாட்டும், மாட்டினால் உள்ளங்கையை விடப் பெரிசு. நோயா? மினோ என்கிற பொடி இரைமீன் ஆயிரம் வாங்கிக் கொட்டலாமா?

பதில் 1:
நோய் இல்லை சார், பட்டினி. 12 அங்குல பாஸ் வயிறாரத் தின்றால் 400 கிராம் இருக்கும், உங்களுடையதில் கால்வாசியைக் காணோம். பந்தியில் ஆள் அதிகம், சோறு குறைவு, அவ்வளவுதான். ப்ளூகில் குஞ்சு பெரிசாவதற்குள் பாஸ் தின்றுவிடுகிறது, தப்பித்த ஒன்றிரண்டுக்குப் போட்டி இல்லாததால் உள்ளங்கை அளவுக்கு வளர்கிறது. நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது.

மினோ வேண்டாம். பாஸ் ஒரு கிலோ ஏற ஏறக்குறைய 10 கிலோ சின்ன மீன் தின்ன வேண்டும். ஆயிரம் மினோவும் சேர்ந்தால் இரண்டு மூன்று கிலோ தேறும், அதில் குளத்து பாஸ் மொத்தத்துக்கும் கூடுவது கால் கிலோ. காசைத் தண்ணீரில் போடுவது என்பது இதுதான்.

14 அங்குலத்துக்குக் கீழே மாட்டுவதை விடாதீர்கள், இந்த வருடம் 12லிருந்து 15 கிலோ வரை எடுங்கள், நாற்பது ஐம்பது மீன் வரும்.

கேட்டவர்:
ஐம்பதா! மனசு வரவில்லையே சார். இருப்பதையும் எடுத்துவிட்டால் அப்புறம் என்ன மிஞ்சும்?

பதில் 2:
மிஞ்சுவது கொழுக்கும் தம்பி. எனக்கும் முதலில் கை வரவில்லை, அலபாமாவில் எங்கள் குளமும் இப்படித்தான் இருந்தது. ஒன்றை அறுத்து இரைப்பையைப் பாருங்கள். நான் பார்த்தபோது கிரேஃபிஷ் என்கிற இறால் மாதிரிப் பிராணியின் கொடுக்கு ஒன்றும் இரண்டு தட்டான் புழுவும்தான், மீன் முள் ஒன்றுகூட இல்லை.

களை எவ்வளவு? குளத்தில் கால்பங்குக்கு மேல் மண்டியிருந்தால் ப்ளூகில் குஞ்சு உள்ளே ஒளிந்துகொள்ளும், இரை இருந்தும் பாஸ் பட்டினி கிடக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் அதுவும் நல்லதில்லை, ஒன்றரை அடி, இரண்டு அடி ஆழத்தில் கை மறைகிற அளவுக்குப் பச்சை வேண்டும். அந்தப் பாசிதான் அடிப்படைத் தீனி.

பதில் 1:
அண்ணன் சொல்வது சரி. ஷாட் என்கிற இரைமீனைக் குளத்தில் விடச் சொல்லி யாராவது வந்தால் இப்போது வேண்டாம், முதலில் ஆளைக் குறையுங்கள். வேண்டுமானால் மூன்று நான்கு அங்குல ப்ளூகில் கொஞ்சம் விட்டு, கரையோரம் மிதவைத் தீனி போடுங்கள், மே முதல் செப்டம்பர் வரை ப்ளூகில் திரும்பத் திரும்ப முட்டையிடும்.

கேட்டவர்:
அறுத்துப் பார்த்தேன், இரைப்பை காலி, ஒரு தட்டான் புழுவைத் தவிர. களை ஓரத்தில் மட்டும்தான். சின்ன வயதில் துண்டு போட்டு அயிரை பிடித்த ஞாபகத்தில் பழைய கொசுவலையைக் கரையோரம் இழுத்தேன், விரல் நீள ப்ளூகில் மூன்றே மூன்று. சனிக்கிழமை ஏழு பாஸ் எடுத்தேன். குழம்புக்குச் சதை கொஞ்சம் குறைவுதான், வறுவலுக்குப் பரவாயில்லை.

பதில் 2:
நாற்பத்து மூன்று பாக்கி.