ஒரே சேட்டை, வேறு வேறு முத்திரை

வகுப்பறை உதவியாளர், கலிஃபோர்னியா:
போன வருடம் இரண்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் மேல் ஒரே புகார்: தாளைக் கிழிக்கிறான், நாற்காலியைத் தள்ளுகிறான். வெள்ளைக்காரப் பையனுக்கு "ஆட்டிசமா இருக்கலாம், பார்த்துடலாம்" என்றார்கள். கறுப்பினப் பையனுக்கு நேராக "உணர்ச்சிக் கோளாறு", தனி வகுப்பு. யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

ஐஇபி கூட்டத்துக்கு, அதாவது சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்குத் தனித் திட்டம் போடும் கூட்டத்துக்கு, அந்தக் கறுப்பினப் பையனுடைய பாட்டி வந்திருந்தார். நடத்தைக் குறிப்புத் தாளைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நேரம் எழுதிய பத்தியில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "எல்லாமே பத்தரை மணி. பத்தரைக்கு என்ன பாடம்?"

வாய்விட்டு வாசிக்கும் நேரம்! கணக்கு நேரத்தில் ஒரு புகார்கூட இல்லை. அப்புறம்தான் வாசிப்பைச் சோதித்தார்கள். டிஸ்லெக்ஸியா, எழுத்துகளை வாசிப்பதில் வரும் சிரமம். இப்போது பொது வகுப்பில்தான் இருக்கிறான், வாசிப்புக்கு மட்டும் எங்களிடம் வருகிறான்.

மறுமொழி, பள்ளி உளவியலாளர்:
அந்தப் பாட்டிக்கு ஒரு கும்பிடு. நான் கலிஃபோர்னியாவில் வேலைக்குச் சேர்ந்தபோது, கறுப்பினப் பிள்ளைக்கு ஐக்யூ சோதனை வைக்காதே என்றார்கள். விநோதமாக இருந்தது. லாரி பி. வழக்கைப் படித்ததும் புரிந்தது. 1971-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடுத்த வழக்கு. அந்த ஊர்ப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் 28.5 சதவீதம், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கிய வகுப்புகளிலோ 66 சதவீதம். அப்படிச் சேர்ப்பதற்கு ஐக்யூ சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979-ல் நீதிபதி பெக்கம் தடை போட்டார். சோதனை போனது, முத்திரை குத்தும் பழக்கம் போகவில்லை. "உணர்ச்சிக் கோளாறு" பிரிவில் இன்றும் நாடு முழுக்க கறுப்பினப் பிள்ளைகள்தான் அளவுக்கு மீறி இருக்கிறார்கள்.

மறுமொழி, ஒரு அம்மா:
என் பையனுக்கு அப்போது நாலரை வயது, வீட்டில் தமிழ்தான். ஆங்கிலத்தில் படம் காட்டிக் கேட்டுவிட்டு மொழித் தாமதம் என்றார்கள். குடைப் படத்துக்கு வாயே திறக்கவில்லையாம். காரில் ஏறியதும் "அந்த ஆன்ட்டி குடை வச்சிருந்தாங்கம்மா" என்கிறான்! முடிந்தவரை தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எழுதிக் கேட்டேன், மொழிபெயர்ப்பாளரோடு மறுபடி சோதித்தார்கள். ஆனால் ஒன்று: "உங்க ஆளுங்க கணக்குல கெட்டியாச்சே" என்று எனக்குச் சிரித்தபடி சமாதானம் சொன்னார்கள். அந்தப் பாட்டியிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

அந்தக் குறிப்புத் தாளை யார் கேட்டாலும் தருவார்களா?

வகுப்பறை உதவியாளர்:
பெற்றோர் கேட்டால் தந்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 5 வேலை நாள் கெடு. கூட்டத்துக்கு முன்னாடியே கேட்டு வாங்கிவிடுங்கள்.