என்.ஐ.எச். டெட்ராமர் மையத்திடம் எதைக் கேட்பது: கோர்த்த டெட்ராமரா, மோனோமரா?

ஆய்வு மாணவி:
அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் இயங்கும் என்.ஐ.எச். (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள்) டெட்ராமர் மையத்துக்கு எங்கள் ஆய்வகம் முதன்முறையாக விண்ணப்பிக்கிறது. இன்ஃப்ளுயென்சா தொற்றிய எலிகளில், அவ்வைரஸின் நியூக்ளியோபுரதத்தில் 366 முதல் 374 வரையுள்ள பெப்டைடை (சிறு புரதத் துண்டை) இனங்காணும் சிடி8 டி செல்களை, அதாவது தொற்றிய செல்களைக் கொல்லும் நோயெதிர்ப்புச் செல்களை, எண்ண வேண்டும். அதற்கான பொருள்தான் டெட்ராமர்: பெப்டைடை ஏந்தி டி செல்லுக்குக் காட்டும் எம்.எச்.சி. என்ற புரத மூலக்கூறு நான்கை ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தில் கோர்த்தது. கோர்க்காத ஒற்றை மூலக்கூறே மோனோமர். நிறமி சேர்த்துக் கோர்த்த டெட்ராமராகவே தருவிக்கலாமா, அல்லது பயோட்டின் (ஸ்ட்ரெப்டாவிடினோடு இறுக ஒட்டும் சிறு மூலக்கூறு) ஏற்றிய மோனோமரைப் பெற்று நாங்களே கோர்த்துக்கொள்ளலாமா? பொருள் இலவசம், அனுப்புச் செலவு மட்டுமே எங்களுடையது என்பதால் விலை ஒரு பொருட்டில்லை. கெடுத்துவிட்டு மறுபடி கேட்டுக் காத்திருக்க நேருமே என்பதுதான் கவலை.

ஃப்ளோ அறைக்காரர்:
முதல் முறை என்றால் கோர்த்ததையே கேளுங்கள். பெட்டி வந்ததும் குப்பியை 4 டிகிரியில், இருட்டில் வையுங்கள், உறையவிடவே கூடாது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், விலையுயர்ந்த பொருளாயிற்றே என்ற அக்கறையில் அதை மைனஸ் 20 ஃப்ரீசரில் பத்திரப்படுத்திவிட்டார். அடுத்த வாரம் ஃப்ளோ கருவியின் (செல்களை அவற்றின் ஒளிர்வை வைத்து எண்ணுவது) வரைபடத்தில், மண்ணீரல் செல்களில் தனித் தீவாகத் தெரிய வேண்டிய கூட்டம் பின்னணியோடு கலங்கிக் கிடந்தது. பயன்படுத்தும் முன் வேகமாகச் சுழற்றி, திரண்ட துகள்கள் அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் தயாரான தொகுதிக்கும்) அளவைப் புதிதாகச் சோதித்துக்கொள்வதும் அவசியம்.

பழைய குப்பி:
மேலே சொன்னது சரி. ஆனால் மையம் தராத நிறமி வேண்டுமானால் மோனோமரைத் தவிர வழியில்லை. அதை மைனஸ் 80 டிகிரியில் சிறு சிறு பங்குகளாக வைக்கலாம். கோர்க்கும்போது பெரும்பாலோர் தவறுவது ஸ்ட்ரெப்டாவிடினை ஒரேயடியாக ஊற்றுவதில்தான். அதில் பயோட்டினைப் பிடிக்க 4 இடங்கள் உண்டு. மோனோமரைவிட அது மிகுந்துவிட்டால் ஒன்றிரண்டு கைகள் மட்டுமே நிரம்பிய துண்டுகள் உருவாகும். 1996இல் இம்முறை வெளியானபோதே அடிப்படை இதுதான்: தனியொரு எம்.எச்.சி. மூலக்கூறு டி செல் ஏற்பியிலிருந்து நொடிகளில் நழுவிவிடும், நான்கு சேர்ந்தால்தான் பிடி நிற்கும். ஆகவே ஸ்ட்ரெப்டாவிடினை 10 பங்காக்கி, 10 நிமிடத்துக்கு ஒரு பங்காக மோனோமரில் சேருங்கள்.

செல் எண்ணுபவர்:
இரண்டு சேர்க்கைகள். சிடி8 புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருளின் சில குளோன்கள் (வகைகள்) டெட்ராமர் ஒட்டுவதையே தடுக்கும். எனவே டெட்ராமரை முதலில் இட்டு, எதிர்ப்பொருளைப் பிறகு சேர்ப்பது பாதுகாப்பானது. மேலும், நீங்கள் தேடும் செல்கள் அரிதாக இருக்குமானால், அதே டெட்ராமரை பி.இ., ஏ.பி.சி. என்ற இரு ஒளிரும் நிறமிகளிலும் கேட்டு ஒரே குழாயில் சேர்த்துப் பாருங்கள். மெய்யான செல்கள் இரண்டிலும் ஒளிர்ந்து வரைபடத்தின் மூலைவிட்டத்தில் அமரும், ஒட்டுக் குப்பைகளில் பெரும்பகுதி ஏதோ ஒன்றில் மட்டும் ஒதுங்கும்.

ஆய்வு மாணவி:
அனைவருக்கும் நன்றி. தொற்றி 10ஆம் நாளில் செல்கள் ஏராளமாக இருக்கும். ஆனால் 60ஆம் நாளின் நினைவுச் செல்களுக்கு (தொற்று நீங்கியபின் எஞ்சி நிற்கும் டி செல்களுக்கு) இந்த இருநிற யோசனை பொருந்தும் எனத் தோன்றுகிறது. விண்ணப்பத்தில் இரண்டு நிறமிகளையும் குறித்துவிட்டேன். ஃப்ரீசர் கதவில் ஒரு எச்சரிக்கைச் சீட்டும் ஒட்டியாயிற்று.