'செக்யூரிட்டி இன்ஃபர்மேஷன் அனலிஸ்ட்': தமிழில் என்ன சொல்லலாம்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பன்னாட்டு வேலைகளுக்கான கையேட்டின் சொற்பட்டியலில் 'செக்யூரிட்டி இன்ஃபர்மேஷன் அனலிஸ்ட்' என்பதற்கு நேராக 'பாதுகாப்புத் தகவல் பகுப்பாய்வாளர்' என்று போட்டிருக்கிறது. போன வாரம் இரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள். இன்னொருவர் 'உளவு ஆய்வாளர்' என்றாலே போதும் என்றார். ஐ.நா. ஆட்கள் போகும் இடத்தில் என்ன ஆபத்து என்று, வரும் செய்திகளைச் சேர்த்து எடைபோட்டுச் சொல்லும் வேலை இது. இந்த வேலையை மாலி நாட்டின் காவோ நகரில், ஐ.நா. முகாமில் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு சொல்லும் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'பாதுகாப்புத் தகவல்' என்பதைப் பார்த்ததும் படிப்பவர் மனம் 'தகவல் பாதுகாப்பு' பக்கம் போய்விடும். கடவுச்சொல், வங்கிக் கணக்குத் திருட்டு, கணினி வைரஸ் என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. கையேட்டைப் புரட்டும் மாணவர் இதைக் கணினித் துறை வேலை என்றே நினைப்பார். இந்த வேலைக்கு வேண்டியவர்களோ அரசியலும் வரலாறும் படித்தவர்கள், நிலப்படம் பார்க்கத் தெரிந்தவர்கள், பிரெஞ்சோ அரபோ வட்டார மொழியோ பேசுகிறவர்கள். சரியான ஆள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

'உளவு' என்பதில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை இருக்கிறது. ஆங்கிலத்தில் இது 'இன்டெலிஜென்ஸ்'. ஐ.நா. அந்தச் சொல்லைப் பல பத்தாண்டுகள் தொடவே இல்லை. 1960-களில் காங்கோவில் இதே வேலைக்கு ஒரு பிரிவு வைத்தபோதுகூட அதற்கு 'இராணுவத் தகவல் பிரிவு' என்றுதான் பெயர். 2017-இல்தான் 'பீஸ்கீப்பிங் இன்டெலிஜென்ஸ்' (அமைதிகாப்புக்கான உளவு) என்று ஒரு கொள்கை ஆவணம் வந்தது. மறைமுகமான, வேடமிட்ட வேலை எதுவும் இதில் கிடையாது என்று அந்த ஆவணமே கோடு கிழித்திருக்கிறது. இதெல்லாம் வெறும் நாகரிகத்துக்காகச் செய்தது இல்லை. காவோவில் எங்களிடம் பேசிய ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், சந்தையில் மீன் விற்கும் அம்மா எல்லாரும் சாயங்காலம் தங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள். 'உளவு சொல்கிறவர்' என்ற பெயர் ஒருவர் மேல் விழுந்தால், அந்த ஊரில் அது உயிருக்கே உலை வைக்கும். நாம் இங்கே தமிழில் வைக்கும் பெயர் அங்கே யார் காதிலும் விழாதுதான். ஆனாலும் தன் வேலை உளவு பார்ப்பது என்று நினைத்துக்கொண்டு ஒருவர் அங்கே போய் இறங்குவதை நான் விரும்பவில்லை.

சரி, அந்த வேலைதான் என்ன? ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம்.

காவோவிலிருந்து நைஜர் ஆற்றை ஒட்டித் தெற்கே போனால் அன்சோங்கோ. மறுநாள் அந்தச் சாலையில் ஐ.நா. வண்டிகள் வரிசையாக, ஒரு கான்வாயாகப் போக வேண்டும். காலையில் மேசைக்கு வருகிற செய்திகள் இப்படி இருக்கும்: சந்தை வழக்கத்தைவிடச் சீக்கிரம் கலைந்துவிட்டது, பெண்கள் சரக்கை விற்காமலே மூட்டை கட்டிவிட்டார்கள் என்று ஒரு ஓட்டுநர் சொல்கிறார். சாலையோரம் மண்ணைக் கிளறியதுபோலத் தெரிந்தது என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டு வந்து சொல்கிறார். ஐ.நா. அடையாளம் போட்ட வெள்ளை வண்டி ஒன்று தனியாகப் போனதாக மூன்றாவது செய்தி. 2018 ஏப்ரல் 14-ஆம் தேதிக்கு முன்னால் இந்த மூன்றாவது செய்தியை யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு மாலியின் டிம்பக்டு நகரில் இருந்த ஐ.நா. முகாமைத் தாக்கியவர்கள் அமைதிகாப்பாளர் வேடத்தில், ஐ.நா. அடையாளம் பூசிய வண்டியோடு வந்தார்கள். அதற்கப்புறம் வெள்ளை வண்டியையும் விசாரிக்காமல் விட்டதில்லை.

ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு தரம் போட வேண்டும். சொன்ன ஆளுக்கு 'ஏ' முதல் 'எஃப்' வரை ஓர் எழுத்து, சொன்ன சேதிக்கு 1 முதல் 6 வரை ஓர் எண். இரண்டையும் கலக்கக் கூடாது. நல்ல மனிதர் தவறான செய்தியை நம்பிச் சொல்லலாம். இதுவரை பொய்யே சொல்லி வந்தவர் ஒருநாள் உண்மையைக் கொண்டுவரலாம். ஓட்டுநர் பல மாதமாகச் சரியாகச் சொல்லி வந்தவர் என்பதால் அவருக்கு 'பி'. சந்தை கலைந்ததை அவரே பார்த்தார், மீன்கார அம்மாவும் அதையே தனியாகச் சொன்னார் என்றால் அந்தச் சேதிக்கு 1. லாரிக்காரர் யாரென்றே தெரியாது, அதனால் 'எஃப்'. சேதி நடக்கக்கூடியதுதான், வேறு யாரும் சொல்லவில்லை, அதனால் 3. இந்த இரண்டு தரத்துக்கும் 'ஆள் தரம்', 'சேதித் தரம்' என்று தமிழில் வைக்கலாம் என்பது என் உப பரிந்துரை.

அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதியில் தாக்க நினைப்பவர் யார், அவரிடம் அதற்கான வலு இருக்கிறதா, அவரைத் தடுத்து நிறுத்தக்கூடியது ஏதாவது இருக்கிறதா? கடைசியில் ஒரு பக்கம் எழுதித் தலைமைப் பாதுகாப்பு ஆலோசகர் கையில் கொடுக்க வேண்டும். நடக்கும் வாய்ப்புக்கு ஐந்து படி, நடந்தால் வரும் பாதிப்புக்கு ஐந்து படி. இரண்டையும் கட்டம் போட்டுச் சேர்த்தால் இடரின் அளவு வரும். கான்வாய் நாளைக்குப் போகிறதா, தள்ளிப்போகிறதா, முன்னால் குண்டு தேடும் குழு போகிறதா என்பதெல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான் முடிவாகும்.

இப்படிப் பார்த்தால் இந்த வேலையின் மையம் 'தகவல்' இல்லை, 'நிலவரம்'. சந்தை நிலவரம், வானிலை நிலவரம், கள நிலவரம் என்று நாம் தினமும் புழங்கும் சொல். 'பாதுகாப்பு நிலவரம்' என்று செய்தித்தாள்களும் எழுதுகின்றன. ஒரு இடத்தில் இப்போது என்ன நிலை, அடுத்து எப்படித் திரும்பும் என்ற இரண்டும் அதற்குள் இருக்கின்றன. கணினிக் குழப்பமும் வராது.

அடுத்தது பின்னொட்டு. 'ஆய்வாளர்' வேண்டாம். தமிழ்நாட்டில் 'பாதுகாப்பு ஆய்வாளர்' என்றால் காவல் நிலைய இன்ஸ்பெக்டர்தான் நினைவுக்கு வருவார். 'பகுப்பாய்வாளர்' பழகிய சொல்தான். ஆனால் பகுப்பது பாதி வேலை, கோத்துப் பார்த்து அளவு சொல்வது மீதிப் பாதி. அதனால் என் முன்மொழிவு: பாதுகாப்பு நிலவர மதிப்பீட்டாளர்.

'பாதுகாப்பு' பற்றியும் ஒரு வார்த்தை. 'சேஃப்டி', 'செக்யூரிட்டி', 'டிஃபென்ஸ்', 'ப்ரொடெக்ஷன்' நான்குக்கும் நாம் இந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் கனால் ஹோட்டலில் இருந்த ஐ.நா. அலுவலகத்தில் குண்டு வெடித்து, சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியெரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பாதுகாப்பு வேலைகளையெல்லாம் ஒன்றாக்கி 2005-இல் ஒரு தனித் துறை வந்தது. அதன் பெயரில் 'சேஃப்டி', 'செக்யூரிட்டி' இரண்டும் இருக்கின்றன. நேராகத் தமிழாக்கினால் 'பாதுகாப்பு மற்றும் பாதுகாப்புத் துறை' என்றாகும். ஒருவர் வேண்டுமென்றே செய்யும் கேடு 'செக்யூரிட்டி' பக்கம், சாலை விபத்தும் தீயும் வெள்ளமும் 'சேஃப்டி' பக்கம். முன்னதைப் 'பாதுகாப்பு' என்றே வைத்துக்கொண்டு, பின்னதற்கு 'விபத்துக்காப்பு' என்று சொல்லலாமா? வெள்ளத்தை விபத்து என்பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து

* * *

அம்மா, வணக்கம்.

நல்ல மடல். 'உளவு' வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் நம்மிடம் 'ஒற்று' என்ற பழைய சொல் இருக்கிறதே. குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டு. ஓர் ஒற்றர் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றரால் சரிபார், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் நம்பு என்கிறது. நீங்கள் எழுதிய ஓட்டுநர், மீன்கார அம்மா கதை அப்படியே இதுதான். 'ஒற்றாய்வாளர்' என்று வைத்தால் மரபும் நிற்கும், சொல்லும் சுருக்கமாக இருக்கும்.

'மதிப்பீட்டாளர்' எனக்கு உறுத்துகிறது. நான் வங்கியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவன். எங்களுக்கு நகை மதிப்பீட்டாளர், சொத்து மதிப்பீட்டாளர்தான் தெரியும். விலை போடுகிற ஆள் என்றே மக்கள் எடுத்துக்கொள்வார்கள். 'பகுப்பாய்வாளர்' இப்போது கல்லூரிப் பாடநூல் வரை போய்விட்டது, அதைக் கலைக்காதீர்கள்.

'சேஃப்டி'க்கு 'தீங்குத் தவிர்ப்பு' எப்படி? வெள்ளமும் அடங்கும், தீயும் அடங்கும்.

மதுரையிலிருந்து

* * *

வணக்கம் அக்கா, ஐயா.

இலங்கைப் பக்கத்திலிருந்து இரண்டு குறிப்புகள்.

'புலனாய்வு' என்ற சொல்லை யாரும் முன்வைக்கவில்லை. முன்வைக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழகத்தில் அது குற்ற விசாரணையைக் குறிக்கலாம். எங்களுக்கு அது 'இன்டெலிஜென்ஸ்'தான். புலனாய்வுப் பிரிவினர் வீட்டுக்கு வந்து போனார்கள் என்றால் அந்த வீட்டில் அன்று யாருக்கும் சாப்பாடு இறங்காது. 'ஆய்வாளர்' என்றால் இங்கு பொலிஸ் நினைவு வராது, எமது பொலிஸில் அவர் 'பரிசோதகர்'. ஆனாலும் இரு கரைக்கும் பொதுவான சொல் வேண்டும் என்றால் அதையும் தவிர்ப்பது நல்லது.

இரண்டாவது, கையேட்டில் இந்த வேலை 'அமைதிப்படை' என்ற தலைப்பின் கீழ் உள்ளது. 1987 முதல் 1990 வரை இங்கு இருந்தவர்களுக்கு அந்தச் சொல் எதைக் கொண்டுவரும் என்று விளக்கத் தேவையில்லை. அந்த நினைவை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், அக்கா சொல்லும் வேலை படை வேலை அல்ல, சிவில் பதவி. 2002-இல் நோர்வேயின் ஏற்பாட்டில் வந்த 'மிஷன்' இங்கு 'போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு' என்றே அறியப்பட்டது. 'அமைதிக் குழு' என்று வைக்கலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

ஐயா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி.

'ஒற்று' அழகான சொல், மூவர் சொல் ஒத்தால் நம்பு என்பதை அந்த வேலைக்கான முதல் பாடமாகவே வைக்கலாம். ஆனால் அதே அதிகாரம் ஒற்றரைத் துறவி வேடத்தில் போகச் சொல்கிறது, பிடிபட்டு என்ன செய்தாலும் வாய் திறக்காதே என்கிறது. ஐ.நா. கொள்கை விலக்கி வைத்தது சரியாக இதைத்தான். எங்கள் ஆட்கள் நீலச் சட்டையில், பெயர்ப் பட்டையோடு போய், 'நாங்கள் இன்ன அலுவலகம்' என்று சொல்லிவிட்டுத்தான் பேசினார்கள். அதனால் ஒற்றாய்வாளர் வேண்டாம் ஐயா.

நகை மதிப்பீட்டாளர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 'பகுப்பாய்வாளர்' என்றே இருக்கட்டும். அளவு சொல்லும் பகுதியைப் பணி விளக்கத்தில் எழுதிவிடலாம். 'தீங்குத் தவிர்ப்பு' என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

'அமைதிப்படை' கண்டிப்பாகப் போக வேண்டும். 'குழு' என்றால் பத்து இருபது பேர் என்று தோன்றும். மாலியில் ஐ.நா. பணியில் இருந்தவர்கள் 15,000 பேருக்கும் மேல். மாலியின் வடக்கே கிடால் நகர முகாமைக் காலி செய்துவிட்டு 2023 அக்டோபர் 31-இல் காவோ நோக்கிக் கிளம்பிய ஒரு கான்வாயில் மட்டும் நூற்றுக்கு மேல் வண்டிகள். வழியில் குண்டுகள் வெடித்துப் பலர் காயப்பட்டு வந்து சேர்ந்தார்கள். 'அமைதிகாப்புப் பணி' என்றால் படைக்கும் பொருந்தும், சிவில் ஆட்களுக்கும் பொருந்தும்.

ஆக, பட்டியலுக்கு: அமைதிகாப்புப் பணி, பாதுகாப்பு நிலவரப் பகுப்பாய்வாளர், ஆள் தரம், சேதித் தரம், 'சேஃப்டி'க்குத் தீங்குத் தவிர்ப்பு. 'அச்சுறுத்தல்', 'இடர்' இரண்டும் ஏற்கெனவே பட்டியலில் இருப்பதுபோலவே இருக்கட்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். வாய்ப்பைச் சொல்லும் ஐந்து படி. தமிழில் '-லாம்' என்பது வாய்ப்பையும் சொல்லும், அனுமதியையும் சொல்லும். 'நாளைக்குக் கான்வாய் போகலாம்' என்று எழுதினால் ஒருவர் 'போனாலும் போகும்' என்று படிப்பார், இன்னொருவர் 'போக அனுமதி உண்டு' என்று படித்து வண்டியைக் கிளப்புவார். 'கூடும்', 'லாம்' இரண்டில் எது வலுவானது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அறிக்கையில் ஒரே சொல் எல்லாருக்கும் ஒரே அளவைக் காட்டியாக வேண்டும். அதனால் 'லாம்', 'கூடும்' இரண்டையும் விட்டுவிட்டு இப்படி வைத்துப் பார்க்கிறேன்: மிக அரிது, அரிது, பாதிக்குப் பாதி, பெரும்பாலும், ஏறத்தாழ உறுதி. நடுவில் இருப்பது பேச்சு வழக்குதான், ஆனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஐயா, வங்கியில் கடன் திரும்பி வருமா வராதா என்று எழுதும்போது நீங்கள் என்ன சொற்களைப் பயன்படுத்தினீர்கள்? தங்கச்சி, உங்கள் பக்கத்தில் வானிலை அறிவிப்பில் மழை வாய்ப்பை எப்படிப் படிப்படியாகச் சொல்கிறார்கள்? இரண்டும் தெரிந்தால் இதை முடித்துவிடலாம். மற்ற சொற்களுக்கு ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

கோவையிலிருந்து