பனங்களி எடுக்க ஒரு கரட் துருவி

பனங்காய்ப் பணியாரம் பிடிக்காதவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. ஆனால் வீட்டிலே செய்வோமா என்று கேட்டால் பலர் பின்வாங்குவார்கள். காரணம் களி, அதாவது கொட்டையைச் சுற்றித் தும்போடு ஒட்டியிருக்கும் பழச்சதை, எடுக்கும் வேலைதான். தோலை உரித்து, கொட்டை கொட்டையாகப் பிரித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தும்பை இழுத்து இழுத்துப் பிழிந்து முடிக்கும்போது கை இரண்டும் ஓய்ந்துவிடும். முன்பு அம்மம்மா வீட்டில் நாலைந்து பெண்கள் கிணற்றடியில் சுற்றியிருந்து கதைத்துக்கொண்டே அதைச் செய்து முடிப்பார்கள். இன்றைக்கு எங்கள் வீட்டில் இருப்பது நானும் மாமியும் மட்டும். மாமிக்கு விரல் மூட்டு நோவு. அதனால் கொஞ்சக் காலமாக, காணிக்குள் விழுகிற பனங்காயை மாடு தின்னட்டும் என்று விட்டுவிடுவோம்.

அதை மாற்றியது ஒரு சாதாரணத் துருவி. பெரியகடைப் பக்கம் பாத்திரக் கடைகளில் தொங்குமே, நாலு பக்கமும் வேறு வேறு அளவில் துளை உள்ள சில்வர் துருவி, அதுதான். கரட்டும் பீட்றூட்டும் துருவ வாங்கி வைத்திருந்தேன்.

யோசனை வந்தது வங்காளத்தில் இருந்து. அங்கேயும் பனம்பழத்துக்குப் பெரிய மதிப்பு. கிருஷ்ண ஜெயந்தி சமயத்தில் பனங்களியில் மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, எங்கள் பணியாரம் மாதிரியே உருட்டிப் பொரிக்கிறார்கள். 'தாலேர் பொரா' என்று பெயர். அதைச் செய்து காட்டும் காணொளி ஒன்றில் ஒரு அம்மா மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் கொட்டையைத் தேய்த்துக் களி எடுத்தார். பக்கத்தில் நின்ற இளம்பெண் அதே வேலையைத் துருவியில் செய்தாள். இது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை என்று அன்றைக்கே ஆசை பிடித்துவிட்டது.

சரி, நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

காலையில் விழுந்த பழமாக எடுங்கள். ஒரு நாள் கிடந்தாலே வண்டு துளைத்துவிடும். நன்றாகக் கழுவி, காம்புப் பக்கத்து இதழ்களைப் பிடுங்கிவிட்டு, கல்லில் மெதுவாக உருட்டி உருட்டித் தட்டினால் உள்ளே களி இளகும். பிறகு கறுத்தத் தோல் மேலிருந்து நார் நாராகக் கையோடு வரும். கொட்டைகளைப் பிரித்தெடுங்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று இருக்கும், சிலதில் இரண்டு, ஒன்று.

இங்கே ஒரு முக்கியமான வேலை உண்டு. ஒவ்வொரு பழத்திலும் ஒரு துளி களியை நாக்கில் வைத்துப் பாருங்கள். மரத்துக்கு மரம் கைப்பு வித்தியாசம். ஒரு காறல் பழம் சேர்ந்தாலும் முழுச் சட்டியும் கெட்டுப்போகும். பனங்களியில் ஃபிளாபெலிஃபெரின் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. சவர்க்காரம் போல நுரைக்கிற சபோனின் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றுதான் அந்தக் கைப்புக்குக் காரணம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் எங்கள் சனம் பனங்காய் போட்டு உடுப்புத் தோய்த்தது இந்த நுரையை நம்பித்தான். தோய்த்துக் காயப்போட்ட உடுப்பை, பனங்காய் வாசத்துக்கு மாடு வந்து சப்பிய கதையை மாமி இன்றைக்கும் சொல்லுவா.

இனித் துருவி. ஒரு அகலமான பேசினுக்குள் அதைச் சாய்த்து வைத்து, கீழே வழுக்காமல் ஈரத் துணி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பெரிய துளை உள்ள பக்கம்தான் வேண்டும். சின்னச் சின்ன முள்ளாக இருக்கும் பக்கத்தில் தேய்த்தால் தும்பு பொடியாக அறுந்து களிக்குள் போய்விடும். அது அரிதட்டிலும் நிற்காது, சாப்பிடும்போது தொண்டையில் குத்தும். பிளெண்டரில் போட்டு அடிக்கிறவர்களுக்கும் நடப்பது அதுதான். தும்பு நீளமாகக் கொட்டையோடு இருக்கும்வரை எங்களுக்குக் கரைச்சல் இல்லை.

கொட்டையில் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளித்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுங்கள். மேலும் கீழும் அரக்கித் தேய்க்க வேண்டாம். துளையின் விளிம்பு தும்புக்கு இடையே புகுந்து களியை மட்டும் வழித்து உள்ளே தள்ளும். மூன்று நான்கு இழுவையில் அந்தப் பக்கத்துத் தும்பு வெளிறிவிடும். உடனே கொட்டையைத் திருப்புங்கள். துருவியின் உட்புறத்தில் செம்மஞ்சள் களி கட்டியாக இறங்குவதைப் பார்க்கவே சந்தோசமாக இருக்கும். களி முழுக்க வந்த பிறகு கொட்டை, சீப்பு வைத்து வாரிய தலை மாதிரி, தும்பெல்லாம் ஒரு பக்கம் படிந்து நிற்கும். அதற்கு மேல் தேய்க்காதீர்கள். மிச்சம் இருப்பதைக் கொஞ்சத் தண்ணீரில் அலசி எடுத்தால் போதும்.

முதல் தரம் இதைக் கண்டதும் மாமி கேட்டா: "உதென்ன பிள்ளை, கரட் துருவுறதிலையோ பனங்காயைத் தேய்க்கிறாய்?" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவ, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "இஞ்ச கொண்டா ஒரு கொட்டையை" என்று வாங்கித் தானும் இழுத்தா. பிசையும்போது விரல் மடக்க வேண்டும், அதுதான் அவவுக்கு நோவு. இதில் உள்ளங்கையால் பிடித்து இழுத்தால் போதும். அவ பழையபடி பனங்காய் வேலைக்கு வந்ததுதான் எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம்.

வழித்த களியை அரிதட்டில் ஒருமுறை தேய்த்து இறக்குங்கள். கைப்பு இருக்கிறது என்று பட்டால், வங்காளத்தில் செய்வது போல மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடலாம். வடிகிற தண்ணீரோடு கைப்பும் ஓரளவு இறங்கும். இதை நானும் செய்து பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது. களியும் இறுகுவதால் மா குறைவாகப் போதும். மா குறைந்தால் பணியாரத்தில் பனங்காய் மணம் தூக்கலாக நிற்கும். மாவை அள்ளிக் கொட்டி, நிறத்துக்கு மட்டும் களி சேர்த்து விற்கிற பணியாரத்தை நான் பணியாரம் என்றே சொல்லமாட்டேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான். களியோடு சீனி சேர்த்து, பச்சை மணம் போகும்வரை காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, உப்பும் வறுத்த மாவும் சேர்த்துக் குழைத்து, கொதி எண்ணெயில் விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட வேண்டும். நான் ஒரு கப் களிக்கு அரைக் கப் சீனி போடுகிறேன். சூட்டோடு மாவைக் கொட்டினால் கட்டிபடும், அவசரப்படாதீர்கள். பொரித்த அன்றைக்கு விட அடுத்த நாள் இன்னும் ருசி.

சாவகச்சேரியில் இருக்கிற சிநேகிதிக்குச் சொன்னேன். அவள் வீட்டில் நாலு பக்கத் துருவி இல்லை, பலகை மாதிரித் தட்டையான துருவிதான். அதைச் சட்டியின் விளிம்பில் குறுக்கே வைத்துத் தேய்த்திருக்கிறாள். களி நேரே சட்டிக்குள் விழுவதால் அதுவே வசதி என்கிறாள். ஆனால் மெல்லிய தகடு என்றால் வளைந்துவிடும், தடிப்பானதாகப் பார்த்து வாங்கச் சொன்னாள். விரல் பட்டால் கிழிக்கும் என்றும் சொன்னாள். அது உண்மை. கொட்டை வட்டமாக, வழுக்கலாக இருப்பதால் பிடி நழுவும். பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

வேலை முடிந்தவுடனே துருவியைக் கழுவிவிடுங்கள். களி காய்ந்தால் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும், துளைகளில் சிக்கிய தும்பும் லேசில் வராது. தென்னந்தும்பு ஒரு கைப்பிடியை எடுத்து உட்பக்கத்திலிருந்து தேய்த்தால் போய்விடும். உடுப்பில் பட்ட கறை போகாது, பழைய சட்டையோடு இருங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பினாட்டு, அதாவது களியைத் தகடாகக் காயவைத்து எடுப்பது, போடுகிற அளவுக்குக் கடகம் கடகமாகப் பழம் இருந்தால் துருவி தாங்காது. பாயில் ஊற்றிக் காயவைக்க எவ்வளவு களி தேவை என்பது போட்டவர்களுக்குத் தெரியும். அந்த வேலைக்கு ஆட்கள் கூடிப் பிசைவதுதான் சரி. துருவி எங்களைப் போல இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு, நாலைந்து பழத்துக்கு.

கொட்டைகளை எறியாமல் சேர்த்து வைத்திருக்கிறேன். துருவியில் தேய்த்ததால் முளைப்பு ஒன்றும் கெடாது, மேல் தும்புதான் குறைகிறது. வேலியோரம் பாத்தி கட்டிப் புதைத்தால் தை மாசியில் கிழங்கு. தீவுப் பக்கமும் வடமராட்சியிலும் இருக்கிறவர்கள் வேறு ஏதாவது கருவியில் களி எடுக்கிறீர்களா? இருந்தால் எழுதுங்கள், புரட்டாதி முடிவதற்குள் செய்து பார்க்க ஆசை.