ராஜா இல்லாத சிம்மாசனத்தில் வாளா?

2014 மைசூர் தசராவில், அரச குடும்பம் அரண்மனையில் நடத்தும் தனி தர்பாரில் (அரசவையில்) சிம்மாசனத்தில் வாளை வைத்தார்களாமே, ஏன்?

பதில்: அது பட்டத கத்தி, அதாவது அரச வாள். 2013 டிசம்பரில் மைசூர் அரச குடும்பத் தலைவர் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் வாரிசு இல்லாமல் காலமானார். 2015-ல்தான் யதுவீரை வாரிசாகத் தத்தெடுத்தார்கள். நடுவில் வந்த தசராவில் அரசருக்குப் பதில் கத்தி.

பதில்: நான் நாகர்கோவில்காரன், எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லியே ஆக வேண்டும். 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா உடைவாளைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி சன்னதியில் வைத்து, திருவிதாங்கூரையே சுவாமிக்குக் கொடுத்தார். அப்புறம் வாளைத் திரும்ப வாங்கி, பத்மநாபதாசனாக, அதாவது சுவாமியின் சேவகனாக ஆண்டார். இன்றும் ஆறாட்டில் (சுவாமியைக் கடலில் நீராட்டும் விழாவில்) அரச குடும்பத் தலைவர் வாளேந்தி சங்குமுகம் கடற்கரைவரை நடக்கிறார். ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடக்கும்வரை விமானங்கள் காத்திருக்கும்!

அருமை சார். எந்த மாதம்?

பதில்: பங்குனி, ஐப்பசி இரண்டிலும் உண்டு. அவசியம் வாருங்கள்.